சி.டி.க்கும் ஜாதகம் உண்டு!

பழைய சி.டி.க்கு நம் ஊரில் இப்போது ஏகப்பட்ட வேலைவாய்ப்பு. கொய்யா மரத்தில் தொங்கிக் கிளி விரட்டுகிறது. சைக்கிளுக்குப் பின்னால் ரிஃப்ளெக்டராக ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவேலையில் மயிலுக்குத் தோகையாகிறது. எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒன்று திருஷ்டிக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் 'டாலி பேக்கப், மார்ச் 2009' என்று எழுதியிருக்கிறது. எந்தக் கம்பெனியின் கணக்கோ, எங்கள் தெருவின் கண்ணேறு முழுவதையும் வரவு வைத்துக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் ரிட்டயர் ஆன தட்டுகள். நான் சொல்ல வந்தது, சர்வீஸில் இருக்கும்போதே மறக்கப்பட்ட தட்டுகளைப் பற்றி. உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கு அடியில், ஜவுளிக்கடைப் பையில் சுற்றி நாலைந்து தட்டு இருக்கும். அக்கா கல்யாணம், அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து, தாத்தாவின் எண்பதாம் கல்யாணம். இதற்கு முந்தைய விசேஷங்கள் வீடியோ கேசட்டில் இருக்கும். பிந்தையவை பென் டிரைவிலோ செல்போனிலோ இருக்கும். நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சிரிப்பும் அழுகையும் இந்தத் தட்டுகளை நம்பித்தான் இருக்கின்றன.

கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்? போட்டுப் பார்த்து, 'ஓடலை, போச்சு' என்று திரும்ப வைத்துவிட்டீர்களா? அவசரப்படாதீர்கள் ஸார். போகாமலும் இருக்கலாம். ஜோடி சரியில்லாமல் இருக்கலாம்.

எப்படி என்று சொல்கிறேன்.

2007-ல் நான் திருச்சியில் பி.காம். முதல் வருஷம். எங்கள் ஹாஸ்டல் அறையில் ஐந்து பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வாங்கிய விலையை ஐந்தாகப் பிரித்து, வருஷாந்தரத் தேய்மானம் வரை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன் (காமர்ஸ் படித்தால் அப்படித்தான்). அதில் ஒரு டி.வி.டி. ரைட்டர் இருந்தது. அந்த மாடி முழுவதற்கும் அது ஒன்றுதான். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் அறை வாசலில், ரேஷன் கடை மாதிரி, ஆளுக்கொரு வெற்றுத் தட்டுடன் க்யூ நிற்கும். 150 பாட்டு அடங்கிய எம்.பி.3 தட்டு, சீனியர்களின் பழைய கேள்வித்தாள், டூர் போட்டோ எல்லாம் அங்கேதான் சுட்டு எடுக்கப்படும்.

எழுதுவதற்கான மென்பொருளின் பெயர் 'நீரோ பர்னிங் ராம்'. ரோமாபுரி பற்றி எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் மன்னன் நீரோவை வைத்து ஒரு ஜெர்மன் கம்பெனி செய்த சிலேடை அது. என் அறைத்தோழன் செந்தில், நீரோ என்பது ஏதோ ஜப்பான்காரர் பெயர் என்று மூன்று வருஷமும் நம்பினான். நாங்களும் திருத்தவில்லை.

தட்டு எரிப்பது பற்றி ஆளாளுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. பாட்டி வைத்தியம் மாதிரி.

"எழுதுறப்ப மௌஸைத் தொடாதே மச்சி, புட்டுக்கும்."

"ராத்திரி எழுதினா நல்லா வரும். கரன்ட் ஸ்டெடியா இருக்கும்."

"இந்த கம்பெனி தட்டு நம்ம ரைட்டர்ல ஏறாது. மூணாம் நம்பர் ரூம் சிவாகிட்ட லேப்டாப் இருக்கு. அதுல ஏறும்."

கெட்டுப்போன தட்டுகள் டீ டம்ளருக்கு அடியில் வைக்கப் பயன்பட்டன. எங்கள் அறையில் டம்ளரைவிடத் தட்டு ஜாஸ்தி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேற்படி சித்தாந்தங்களில் முதலாவதும் மூன்றாவதும் உண்மை. தட்டில் எழுத ஆரம்பித்தால் நடுவில் தகவல் வருவது ஒரு கணம் நின்றாலும் அந்தக் காலத்தில் தட்டு பாழ். கம்ப்யூட்டர் வேறு வேலையில் கவனம் செலுத்தினால் போச்சு. இதைச் சமாளிக்க, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து எழுதும் வித்தையை சான்யோ கம்பெனி 2000-ல் கொண்டுவந்தது. நாங்கள் எழுதிய 2007-ல் மௌஸைத் தாராளமாகத் தொட்டிருக்கலாம். ஆபத்து போன பிறகும் சாங்கியம் மட்டும் நின்றுவிட்டது.

மூன்றாவது விஷயம்தான் சுவாரசியம். ஒரே தட்டு ஒரு ரைட்டரில் தங்கமாக வந்து, இன்னொன்றில் ஏன் தகரமாகிறது? இதற்கு பதில், நம் பெரியவர்கள் கல்யாணத்துக்குப் பார்க்கிறார்களே, அதே பொருத்தம்.

கடையில் விற்கிற சினிமா சி.டி.யும் நாம் எழுதுகிற சி.டி.யும் ஒன்றல்ல. சினிமா சி.டி. அச்சில் வார்த்தது. தகவலெல்லாம் மேடு பள்ளமாகவே பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். நாம் எழுதுகிற சி.டி.யில் பள்ளம் கிடையாது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில், உள்ளிருந்து வெளியே சுருள் சுருளாக ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டியிருக்கும். நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அதன் மேல் மெல்லிய சாயப் பூச்சு. அதற்கு மேல், பிரதிபலிக்க வெள்ளியோ தங்கமோ ஒரு பூச்சு. கடைசியில் ஒரு வார்னிஷ். முடிந்தது.

ரைட்டர் செய்வது, லேசரால் அந்தச் சாயத்தை அங்கங்கே சுடுவது. சுட்ட இடம் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும், சுடாத இடம் நன்றாக அனுப்பும். படிக்கிற டிரைவ் அதைப் பார்த்துப் பள்ளம், மேடு என்று நினைத்துக்கொள்கிறது. சாயத்தில் மூன்று ஜாதி. சயனின் என்று ஒன்று, நீலமும் பச்சையும் கலந்த நிறம். தாலோசயனின் என்று ஒன்று, ஏறக்குறைய நிறமே இல்லாதது, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆஸோ என்று ஒன்று, கரு நீலம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் வேகும். தோசைக்கு வைக்கிற தீயை ஆப்பத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். சூடு குறைந்தால் அடையாளம் மங்கல், அதிகமானால் பக்கத்துக்கும் பரவிக் கறை.

சரி, போட்ட தட்டு தோசையா ஆப்பமா என்று ரைட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஜாதகம். அந்த வாய்க்கால் நேராக ஓடாமல் மிக நுட்பமாக நெளிந்து நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவுக்குள்ளேயே தட்டு யார் தயாரித்தது, எவ்வளவு கொள்ளும், எவ்வளவு சூடு தேவை என்பதெல்லாம் பிறக்கும்போதே எழுதப்பட்டிருக்கும். நம்ப மாட்டீர்கள், தயாரிப்பாளரின் அடையாளமே நிமிஷம், விநாடி கணக்கில்தான் இருக்கும். ஜப்பானின் தையோ யூடன் கம்பெனியின் தட்டு என்றால் 97 நிமிஷம் 24 விநாடி. நம் இந்தியாவின் மோசர் பேர் என்றால் 97 நிமிஷம் 17 விநாடி. அது தட்டு ஓடும் நேரம் அல்ல, வெறும் அடையாளம். ஜனன நேரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரைட்டருக்குள் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. இந்த ஜனன நேரத் தட்டுக்கு இந்த வேகத்தில் இவ்வளவு சூடு, லேசரை இத்தனை கணம் தட்டி அணை என்று அதன் நிரந்தர நினைவில் ஒரு பட்டியல். தட்டைப் போட்டதும் ஜாதகத்தைப் படித்து, பட்டியலில் தேடும். அப்புறம் பெண் பார்க்கும் படலமும் உண்டு. தட்டின் உள்விளிம்பில் அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில், பல அளவு சூட்டில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, எது தெளிவாக வந்தது என்று தானே படித்துப் பார்த்து, அதன் பிறகுதான் சம்மதம் சொல்லும்.

பட்டியலில் இல்லாத தட்டு வந்தால்? பொதுப்பலன் சொல்லிச் சமாளிக்கும். ராசிபலன் பக்கத்தைப் பார்த்துக் கல்யாணத்தை முடிப்பது மாதிரி. சில சமயம் அமோகமாக இருக்கும். சில சமயம் டம்ளருக்கு அடியில். ரைட்டர் கம்பெனிகள் அவ்வப்போது புதுப் பஞ்சாங்கம் வெளியிட்டன. அதை ஏற்றிக்கொண்டால் நேற்று வரை ஏறாத தட்டு இன்று ஏறும். எங்கள் ரைட்டரில் வராதது சிவாவின் லேப்டாப்பில் வந்ததன் ரகசியம் இவ்வளவுதான். தட்டும் தப்பில்லை, ரைட்டரும் தப்பில்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. (குடும்ப நீதிமன்றத்தில் தினமும் கேட்கிற வசனம்.)

அட்டைப்பெட்டியில் போட்டிருந்த பிராண்டை நம்பி வாங்கினோமே, அதைச் சொல்லுங்கள் என்பீர்கள். பிராண்டுக்கும் தட்டுக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. பெயர்பெற்ற கம்பெனிகள் பலவும் வேறு தொழிற்சாலைகளில் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. ஒரே பிராண்டின் இரண்டு டப்பாக்களில் இரண்டு நாட்டுத் தட்டுகள் இருக்கும். ஆகவே விவரமானவர்கள் டப்பாவைப் பார்க்காமல், ஒரு சின்ன மென்பொருளைக் கொண்டு ஜாதகத்தைத்தான் பார்த்தார்கள். தையோ யூடன் ஜாதகம் வந்தால் அவர்களுக்குத் தீபாவளி. 1988-ல் எழுதும் சி.டி.யை உருவாக்கிய கம்பெனி அது. இது தெரிந்ததும் என்ன நடக்கும்? போலி ஜாதகம் வந்தது! மட்டமான தட்டில் தையோ யூடனின் அடையாளத்தைப் பதித்துச் சிலர் விற்றார்கள். ரைட்டர் அதை நம்பி உயர்ந்த இடத்துச் சம்பந்தம் என்று சூடு வைத்து, கருகிப் போகும்.

நம் மோசர் பேர் கதையும் கேளுங்கள். 1983-ல் டெல்லியில், ஆபீஸில் வருகை நேரம் பதியும் கடிகாரம் செய்ய ஆரம்பித்த கம்பெனி. அப்புறம் பிளாப்பி, அப்புறம் சி.டி. உலகம் முழுக்கப் பல பிராண்டுகளுக்குத் தட்டு செய்து தந்தது. 2007 வாக்கில் சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் போட்டு, திருட்டு வி.சி.டி.காரர்களுக்கே வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒன்பது மணிக்கு நாம் லேட்டாக வருவதைக் குறித்துவைக்கப் பிறந்த கம்பெனி, நமக்கு ராத்திரி ரெண்டாவது ஆட்டம் காட்டியது.

வேகத்தைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. 'மெதுவா எழுதினா நல்லது.' 1 எக்ஸ் வேகத்தில் 80 நிமிஷத் தட்டை எழுத 80 நிமிஷம் ஆகும். 52 எக்ஸில் மூன்று நிமிஷத்துக்குள் முடியும். தட்டு நிமிஷத்துக்கு சுமார் 10,000 சுற்று சுற்றும். கேட்டாலே பயமாக இருப்பதால், மெதுவாக எழுதுவதே தர்மம் என்று தோன்றும். ஆனால் வேகத்துக்கென்று தயாரித்த சாயத்தை 4 எக்ஸில் மெல்ல மெல்லச் சுட்டால் அதுவும் கெடும். எக்ஸ்பிரஸ் ரயிலை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்துவது மாதிரி. உச்ச வேகமும் வேண்டாம், நத்தை வேகமும் வேண்டாம், நடுவாந்தரம் போதும் என்பதுதான் அனுபவஸ்தர்கள் கண்ட முடிவு.

டி.வி.டி. வந்தபோது இன்னொரு குழப்பம். மைனஸ் என்று ஒரு ரகம் 1997-ல் வந்தது, பயனியர் கம்பெனியின் கைங்கரியம். பிளஸ் என்று ஒரு ரகம் 2002-ல் வந்தது, சோனி, பிலிப்ஸ் உள்ளிட்ட எதிர்முகாம். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இதை எழுதும் டிரைவ் அதை எழுதாது. 2002-லேயே சோனி இரண்டையும் எழுதும் டிரைவைக் கொண்டுவந்து சண்டையை ஓய்த்தது. பழைய பிளேயர்கள் மட்டும் பிளஸ் தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கும் வழி வைத்தார்கள். எழுதும்போதே 'நான் கடையில் வாங்கிய ஒரிஜினல்' என்று பிளஸ் தட்டைப் பொய் சொல்ல வைக்கலாம். பிளேயரும் நம்பி ஓட்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறார்களே, இங்கே ஒன்றே போதும்.

இதுவரை எழுதுகிற பொருத்தம். நமக்கு இன்று வேண்டியது படிக்கிற பொருத்தம். இதைக் காமர்ஸ்காரன் பாஷையில் சொல்கிறேன்.

எந்தத் தட்டும் நூற்றுக்கு நூறு சரியாக எழுதப்படுவதில்லை. எழுதும்போதே ஆயிரக்கணக்கான பிழைகள் இருக்கும். சி.டி.யில் விநாடிக்கு 7,350 துண்டுகளாகத் தகவல் வருகிறது. அதில் 220 துண்டு வரை பிழை இருக்கலாம் என்று விதியே இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று சதவீதம். தகவலோடு சேர்த்து எழுதப்பட்ட உபரிக் கணக்கை வைத்து டிரைவ் அந்தப் பிழைகளைத் தானே சரிசெய்து, நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. பழைய ஆபீஸ்களில் ஒரு ஹெட் கிளார்க் இருப்பார். கணக்கில் எங்கே உதைத்தாலும் நேர்செய்துவிடுவார். முதலாளிக்கு எல்லாம் சுபமாகத் தெரியும். ஒருநாள் அவராலும் முடியாத அளவுக்குத் துண்டு விழும். அன்றைக்குத்தான் முதலாளிக்குத் தெரியும், அதுவும் ஒரேயடியாக.

தட்டும் இப்படித்தான். கேசட் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து எச்சரிக்காது. போன தீபாவளிக்கு ஜோராக ஓடியது, இந்தப் பொங்கலுக்கு அடியோடு நின்றுவிடும். போன தீபாவளிக்கே அது விளிம்பில்தான் இருந்தது. நமக்குச் சொல்லவில்லை.

இதன் மறுபக்கம்தான் நல்ல செய்தி. ஹெட் கிளார்க்குகள் எல்லோரும் ஒன்றல்ல. ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொரு டிரைவ் பொறுமையாகப் படித்துவிடும். லேசர் கொஞ்சம் தெளிவு, சுழற்சி கொஞ்சம் நிதானம், தள்ளாடும் தட்டைப் பின்தொடரும் சாமர்த்தியம் கொஞ்சம் கூடுதல். ஒரு டிரைவ் சொன்னதை மட்டும் வைத்துத் தட்டுக்கு மரணச் சான்றிதழ் எழுதக்கூடாது.

இதை நான் நேரில் பார்த்தது 2024-ல்.

எங்கள் பெரியப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம் 2007-ல் திருக்கடையூரில் நடந்தது. 2019-ல் காலமானார். அவர் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. செல்போனில் பேசுவதையே காசு கொடுத்துத் தந்தி அடிப்பது மாதிரி நாலு வார்த்தையில் முடிப்பவர், ரெக்கார்டா செய்து வைப்பார்? அந்த அறுபதாம் கல்யாண டி.வி.டி. ஒன்றில்தான் அவர் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறார்.

"அதை ஒரு தடவை கேக்கணும்டா" என்றார் பெரியம்மா. "உனக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் தெரியுமே."

வீடியோ எடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. ஒரிஜினல் கேசட்டைத் துடைத்து அடுத்த கல்யாணம் எடுத்திருப்பார்கள். ஆக, உலகத்தில் ஒரே பிரதி. பெரியம்மா அதைப் பட்டுத் துணியில் வைத்துக் கொடுத்தார். மேலே பெரியப்பா, பெரியம்மா படம் அச்சடித்த பெரிய ஸ்டிக்கர். பதினேழு வருஷத்தில் அதன் ஓரம் உரிந்து, தட்டே லேசாக அப்பளம் போல வளைந்திருந்தது.

இப்போது வருகிற லேப்டாப்புகளில் ஏது டிரைவ்? யு.எஸ்.பி.யில் சொருகுகிற ஒல்லி டிரைவ் ஒன்றை வாங்கினேன். தட்டைப் போட்டதும் நாலு தடவை தொண்டையைக் கனைத்து, 'தட்டைப் போடவும்' என்றது. போட்டுத்தானே இருக்கிறது! எடுத்துப் போட்டேன். மறுபடியும் கனைப்பு. பெரியம்மா பக்கத்தில் நின்று, "போயிடுச்சாடா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட மாதிரியே கேட்டார்.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஸ்டிக்கரை உரிக்கலாமா?"

"கை வைக்காதீங்க ஜி. உரிச்சா உள்ளயும் சேர்ந்து போயிடும். ஒல்லி டிரைவ் இதுக்கு ஆகாது. தடிமாடு ஒண்ணு இருக்கு."

பழைய டெஸ்க்டாப்பில் இருக்குமே, செங்கல் கனத்துக்கு, அந்த டிரைவ் இரண்டு எடுத்தார். வெவ்வேறு கம்பெனி. தட்டை மிருதுவான துணியால் துடைத்தார். வட்டமாக அல்ல, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது வாய்க்காலோடு கூடவே ஓடும், நேர்க்கீறல் என்றால் குறுக்கே வெட்டி மன்னிக்கப்படும்.

முதல் தடிமாடு தட்டை அடையாளம் கண்டுகொண்டது. அப்போதும் படத்தை ஓட்டிப் பார்க்க அவர் விடவில்லை. டிடி ரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள். டி.வி.டி. முழுக்க சுமார் 23 லட்சம் கட்டங்கள். இது முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். வராத கட்டங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்து, அப்புறம் திரும்பத் திரும்பப் போய் வசூலிக்கும். வாராக்கடன் வசூல் மாதிரி. மூன்று மணி நேரம் கழித்துப் பாக்கி 31 ஆயிரம் கட்டம். அதற்கு மேல் அந்த டிரைவ் கையை விரித்தது.

"இப்பத்தான் ஜி வேடிக்கை" என்று தட்டை எடுத்து இரண்டாவது டிரைவில் போட்டார். அதே நோட்டு. அந்த டிரைவ், முதல் டிரைவ் கைவிட்டதை மட்டும் தேடிப் போயிற்று. முன்னது படிக்காததில் பாதிக்கு மேல் இது சர்வசாதாரணமாகப் படித்தது. கடை மூடும் நேரத்தில் பாக்கி மூவாயிரத்துக்கும் கீழே. ஓட்டினால் மொத்தம் எட்டு விநாடிதான் சேதம். அதுவும் நாதஸ்வரக்காரர் மூக்குக்கண்ணாடி துடைக்கிற இடத்தில்.

அன்று ராத்திரி பெரியம்மா வீட்டு டி.வி.யில் போட்டோம். கல்யாண மண்டபம். வாழைமரம். பெரியப்பா மாலையும் கழுத்துமாக எழுந்து, மைக்கை ரெண்டு தட்டு தட்டி, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ரெண்டாவது பந்திக்கும் பாயசம் இருக்கு. யாரும் கவலைப்பட வேண்டாம்..." என்று ஆரம்பித்தார். இரண்டு நிமிஷமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். நன்றி சொல்ல மறந்து உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து, "நன்றி" என்றார்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். அது முடிந்ததும்தான் பேசினார்.

"ரெண்டாவது பந்திக்குப் பாயசம் பத்தலை. அன்னிக்கே சொன்னேன், கேட்டாரா?"

பதினேழு வருஷத்துச் சண்டை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதற்கு எதிராளி குரல் கொடுக்க வேண்டாமா?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-லேயே இதற்கென்று ஒரு கையேடு போட்டது. சாராம்சம் எளிது. தட்டை விளிம்பில் பிடியுங்கள். வெயில் படாத, சூடும் ஈரமும் குறைந்த இடத்தில், படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஏற்கனவே ஒட்டியதை உரிக்காதீர்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். சி.டி.யில் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில் தகவல் இருப்பது மேல்பக்கம், வெறும் வார்னிஷுக்குக் கீழே. மேலே அழுத்தி எழுதினால் சாயத்தின் மேலேயே எழுதுகிறீர்கள். டி.வி.டி.யில் தகவல் இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும்.

தட்டு ஓடவில்லை என்றால் இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பாருங்கள். ஓடுகிறது என்றால் அதைவிட அவசரம். ஓடும்போதே நகல் எடுத்துவிடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள், நகலைத் திறந்தும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், தட்டு கெடுவதற்கு முன்னால் டிரைவ் காணாமல் போய்விடும் போலிருக்கிறது. தையோ யூடன் 2015-ல் இந்தத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது. மோசர் பேரை 2018-ல் கலைக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எழுதும் புளூ-ரே தட்டுத் தயாரிப்பை பானசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்திக்கொண்டன. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் பழைய டெஸ்க்டாப் ஏதாவது ஏலத்துக்குக் காத்திருந்தால், டிரைவை மட்டுமாவது கேட்டு வாங்கி வையுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். தடிமாடு இரண்டில் ஒன்றை நண்பர் எனக்கே கொடுத்துவிட்டார். பெரியம்மா சும்மா இருப்பாரா? தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டைப்பை வந்து இறங்கியது. எண்ணிப் பார்த்தேன், 43 தட்டு. மூன்றில் கீறல், ஒன்றில் சாம்பார்.

மேலே இருந்ததில் 'சீமந்தம், 2005' என்று பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. துடைத்து, டிரைவில் போட்டிருக்கிறேன். கனைத்துக்கொண்டிருக்கிறது.